பின்சீட்டின் ஹெல்மெட்: பாலக்கோடு அருகே நடந்த ஒரு விபத்தின் ஆய்வு

தருமபுரியில் ஒரு வழக்கறிஞரிடம் 19 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வருவதில் பாதிக்கு மேல் விபத்து இழப்பீட்டு வழக்குகள். தொப்பூர் கணவாயில் லாரி மோதியவை, கிருஷ்ணகிரி பக்கம் நாற்கரச் சாலையைக் கடக்கும்போது அடிபட்டவை, ஓசூரில் இரவு ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் வழியில் நடந்தவை என்று கோப்புகள் அலமாரி கொள்ளாமல் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, மனுவாகத் தாக்கலே ஆகாத ஒரு கோப்பைப் பற்றி எழுதுகிறேன். அதில் லாரி இல்லை, குடி இல்லை, பந்தயம் இல்லை. ஓர் அக்காவும் தம்பியும் 8 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊருக்குக் காதுகுத்துக்குப் போனார்கள். தம்பி ஹெல்மெட் போட்டிருந்தார், அக்கா போடவில்லை. அந்த ஒரு வித்தியாசம் என்னென்ன செய்தது என்பதை ஆரம்பத்திலிருந்து பின்தொடர்ந்து பார்க்க எனக்கு வாய்த்தது இந்த ஒரு சம்பவத்தில்தான்.

இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். அக்கா, தம்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அன்று காலை

2023 மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். மாரண்டஹள்ளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. அக்காவுக்கு அப்போது 38 வயது. வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக்கடை வைத்திருப்பவர். தம்பிக்கு 31. 2020-ல் வாங்கிய பைக், லைசென்ஸ் இருந்தது, பெட்ரோலும் பிரேக்கும் சரியாக இருந்தன. இதையெல்லாம் பின்னால் போலீஸும் கேட்டது, நானும் கேட்டேன்.

முதலில் போட்ட திட்டப்படி மூன்று பேர் போவதாக இருந்தது. அக்காவின் 6 வயது மகள் மாமாவுக்கு முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்துதான் வருவேன் என்று அழுதிருக்கிறாள். அக்காவின் கணவர் ஷேர் ஆட்டோவில் கிளம்பியதால், கடைசி நிமிடத்தில் குழந்தையை அவர் தூக்கிக்கொண்டார். இதை என்னிடம் சொல்லும்போது தம்பி பேச்சை நிறுத்தி வெளியே போய்விட்டு வந்தார்.

வாசலில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"அக்கா, பழைய ஹெல்மெட் ஆணியில தொங்குது. எடுத்துப் போட்டுக்க."

"அது உன் தலைக்கு வாங்குனதுடா, எனக்கு ஆடும். பூ வேற வெச்சிருக்கேன். மெயின் ரோட்டுக்கா போறோம், பக்கத்துலதானே."

அவர் மறுபடி கேட்கவில்லை. தன்னுடையதைப் போட்டு, தாடைக்குக் கீழே வாரையும் மாட்டிக்கொண்டார். ஏன் அப்படி ஒழுங்காக மாட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "போன மாசம் பிடிச்சாங்கண்ணா. 1000 ரூபா கட்டுனேன். அந்த பயம்தான்." தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1000 ஆனது 2022 அக்டோபரில். அவர் உயிரோடு முழுசாக இருப்பதற்கு அந்த அபராதச் சீட்டு ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். கசப்பாக இருந்தாலும் உண்மை. அந்தச் சீட்டு அக்காவின் தலைக்கும் சேர்த்துத்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அக்கா பட்டுப்புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்தார். மடியில் சீர்த்தட்டு வைத்த பை, அதை இடது கை அணைத்திருந்தது. வலது கை தம்பியின் தோளில். சீட்டுக்குப் பின்னால் இருந்த கைப்பிடியை யாரும் தொடவில்லை. கைப்பிடி, கால்மிதி, புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு ஆகிய மூன்றும் இல்லாமல் பின்சீட்டு உள்ள பைக்கைத் தயாரிக்கவே கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. வண்டியில் மூன்றும் இருந்தன. சாரி கார்டு தன் வேலையைச் செய்தது. கைப்பிடியோ பிடித்தால்தானே உதவும்.

வேகத்தடை

அந்த ஊர் தொடங்கும் இடத்தில் ரோட்டின் இருபக்கமும் புளியமரங்கள். காலை வெயிலில் நிழல் ரோட்டில் பட்டை பட்டையாக விழும். அங்கே இரண்டு வாரத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களே சிமென்ட் கொட்டி ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வண்டியில் அடிபட்டதால் போட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது வரப்பு மாதிரி ஒடுங்கி, செங்குத்தாக இருந்தது. சாலை அமைப்புக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேலே பெயின்ட் வேண்டும். இங்கே எதுவும் இல்லை.

தம்பி 40-ல் வந்ததாகச் சொல்கிறார். நிழலில் தடை தெரியவில்லை. தெரிந்தபோது பிரேக்கை அழுத்தினார். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் தூக்கி அடித்தது. வண்டி ஓட்டுபவர் தடையைக் கண்ணால் பார்க்கிறார், உடம்பு தானாகவே தயாராகிறது, கையில் ஹேண்டில்பார் இருக்கிறது, இரண்டு முழங்காலும் டேங்கை இறுக்குகின்றன. பின்னால் இருப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை. அவர் பார்ப்பது முன்னால் இருப்பவரின் முதுகை. ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்குக் கால் இடுக்கிக்கொள்ளவும் இடமில்லை. அக்கா மேலே எழும்பினார், கீழே வந்தபோது சீட்டு அங்கே இல்லை. மல்லாந்து விழுந்தார். பின்மண்டை தார் ரோட்டில் பட்டது.

தம்பி இன்னும் நான்கைந்து அடி போய் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தார். அவருடைய தலையும் ரோட்டில் மோதியது, இழுபட்டது. அந்த ஹெல்மெட்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வலது பக்கமும் தாடைப் பகுதியும் அரத்தால் தேய்த்ததுபோல் இருந்தன. கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே விரலை விட்டால் நுரை ஓர் இடத்தில் குழிந்திருந்தது. அவருக்கு உள்ளங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு, தோளில் வலி. தலையில் ஒன்றுமில்லை.

"மெதுவாகத்தானே போனோம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். எனவே இந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். பைக்கில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்திருக்கும். வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் அதே கணக்குதான். வண்டியின் வேகம் இழுபடுவதையும் வேறு எதன் மீதாவது மோதுவதையும் கூட்டும். விழும் அடி உயரத்திலிருந்தே வந்துவிடுகிறது. உள்ளூருக்குள் போவதால் தலை தாழ்ந்துவிடாது.

ஹெல்மெட்டின் வெளி ஓடு உராய்வையும் கூரான கல்லையும் தாங்குகிறது. மண்டையைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான கெட்டி நுரை. அது நசுங்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் தலையை நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் அதே வேகத்தை எலும்பு சில மில்லிமீட்டரில் நிறுத்தியாக வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, விபத்தில் சிக்கும் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொன்னது. நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது. தம்பி அந்த ஹெல்மெட்டையே கண்ணாடி மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது, அது தன் வேலையை முடித்துவிட்டது, உடைத்துக் குப்பையில் போடுங்கள் என்றேன்.

அடுத்த ஒன்றரை மணி நேரம்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் கவனித்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஓடி வந்தவர்கள் முதலில் தம்பியைச் சூழ்ந்தார்கள், ஏனென்றால் அவர் எழவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றப் பார்த்திருக்கிறார். கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த இழுப்பிலேயே கைகால் போய்விடும். மூச்சு அடைத்தாலோ வாந்தி எடுத்தாலோ தவிர கழற்றக் கூடாது. கழற்றியே ஆகவேண்டும் என்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் வாரை அவிழ்த்து மெல்ல எடுக்க வேண்டும். நல்லவேளை, தம்பியே கையைத் தட்டிவிட்டார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். இதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. தலையைத் தடவிப் பார்த்து, "ரத்தம் இல்ல, ஒண்ணும் ஆகல, கொண்டை இருந்ததால தப்பிச்சேன்" என்று சொல்லியிருக்கிறார். சிதறிய சீர்த்தட்டைப் பொறுக்கியிருக்கிறார். ஓர் ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, முகூர்த்த நேரம் போய்விடும் என்று விசேஷ வீட்டுக்கே போனார்கள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், பேசியிருக்கிறார், காப்பியும் குடித்திருக்கிறார். அப்புறம் தலைவலி, வாந்தி. பித்தம் என்று எலுமிச்சை ஜூஸ் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். படுத்தவரை எழுப்பினால் பதில் குழறியது. அப்போதுதான் 108-க்கு போன் போனது.

மண்டை ஓட்டுக்கும் மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் நடுவே ரத்தம் கட்டினால் இப்படித்தான் நடக்கும். அடிபட்டவர் தெளிந்து நன்றாகப் பேசுவார். உள்ளே ரத்தம் சேரச் சேர மூளை அழுத்தப்படும். அடிபட்ட பிறகு வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிவது, ஒருபக்கக் கைகால் தளர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் ஒழுகுவது, இதில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் வெளியே வரவில்லை என்பதில் எந்த ஆறுதலும் இல்லை.

சிடி ஸ்கேனில் மண்டையோட்டுப் பிளவும் ரத்தக் கட்டும் தெரிந்தன. அன்று மாலையே அறுவை சிகிச்சை. இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியிருந்ததால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அப்போதிருந்த 1 லட்சம் ரூபாய் வரம்புக்குள், குடும்பம் பணம் கட்டவில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இது உண்டு. அதன் பிறகு ஆன செலவுக்கு நகை அடகுக்குப் போனது. 17 நாள் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார்.

ஆட்டோக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. சாட்சி, ஸ்டேஷன் என்று அலையவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் அன்று வற்புறுத்தாமல் விட்டுவிட்டாராம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உதவி செய்பவரை அந்த அலைச்சலிலிருந்து காக்கிறது. நல்லெண்ணத்தில் உதவியவர் மேல் வழக்கு வராது, விருப்பம் இல்லாவிட்டால் பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. இது ஊருக்குள் தெரிந்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது மிச்சமாகியிருக்கும்.

சட்டம் யார் தலையைப் பார்க்கிறது

போலீஸ் வழக்கு தம்பி மேல்தான் பதிவானது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டிக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக, அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில். அக்காவுக்கு இது தாங்கவே முடியவில்லை. "என் தம்பி மேல கேஸா? நான்தானே ஹெல்மெட் வேணாம்னேன்" என்று அழுதார். பின்னால் இருப்பவர் காயப்பட்டால் ஓட்டியவர் மேல் முதல் தகவல் அறிக்கை பதிவாவது வழக்கமான நடைமுறை, கூடப்பிறந்தவர் என்று அதில் விலக்கு கிடையாது.

ஹெல்மெட் விஷயத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு மிகத் தெளிவாக இருக்கிறது. 4 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரத்துக்கு ஏற்ற ஹெல்மெட் அணிய வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. தலையில் சும்மா வைத்தால் போதாது, வாரால் கட்டியிருக்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இந்த விதி நடப்புக்கு வந்தது ஒரு வருடம் கழித்து, இந்த விபத்து நடந்த அதே மாசியில். 128-வது பிரிவின்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான், அதுவும் அவருக்குப் பின்னால். டேங்க் மேல் குழந்தை உட்கார வழியே இல்லை.

அபராதச் சீட்டைப் பற்றிப் பின்னால் வருகிறேன் என்றது தண்டனை சொல்லும் இந்த 194டி பிரிவைத்தான். 129-ஐ மீறி வண்டியை ஓட்டுபவருக்கும், மீறி ஓட்டச் செய்பவருக்கும், ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1000 ரூபாய் அபராதம், 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. அதாவது பின்னால் இருப்பவர் வெறுந்தலையோடு இருந்தாலும் கேள்வி ஹேண்டில்பாரைப் பிடித்தவரிடம் வருகிறது. அக்காவுக்குக் கடமை இருந்தது, போட்டுக்கொள்ள வேண்டியவர் அவர். தம்பிக்கு இருந்த கடமை அதைவிடக் கனமானது: அக்கா போடும்வரை வண்டியைக் கிளப்பாமல் இருப்பது. சாவி அவர் கையில் இருந்தது. ஒருமுறை கேட்டுவிட்டேன் என்பது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது. தம்பியிடமும் நான் இப்படித்தான் சொன்னேன், வருத்தத்தோடு.

தமிழ்நாட்டில் ஹெல்மெட் 2007-ல் கட்டாயமானது. நம் பக்கத்தில் ஆண்கள் ஒன்று வாங்கினார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று ஆனது. அந்த ஜூன் கடைசி வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து ஹெல்மெட் குவித்து விற்றார்கள், கடைகளில் சரக்கு தீர்ந்தது. தம்பதியாக வந்து இரண்டு வாங்கிப் போனார்கள். சில மாதத்தில் இரண்டாவது ஹெல்மெட் ஆணிக்குப் போய்விட்டது. அக்கா வீட்டு ஆணியில் தொங்கியதும் அந்த வருடம் வாங்கியதுதான்.

2022-ல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டியை அவர்கள் ஓட்டவில்லை, வேகத்தை அவர்கள் முடிவு செய்யவில்லை.

காகிதத்தில் நடந்தது

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து மாமா, அதாவது அக்காவின் கணவர், எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இன்சூரன்ஸ் தாள். "அஞ்சு வருஷத்துக்கு இருக்குங்க, 2025 வரைக்கும்" என்றார். வாங்கிப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கினால் 5 வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பெரும்பாலும் அதோடு வண்டிச் சேதக் காப்பீடு முதல் 1 வருடத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கும். ஒரு வருடம் கழிந்ததும் அது போய்விடும், தாளில் பெரிதாகத் தெரிவது 5 வருடம் என்பதுதான். மூன்றாம் நபர் என்றால் வெளியாள்: நம் வண்டி இடித்த நடைபயணி, எதிரே வந்த சைக்கிள்காரர். நம் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தவர் சட்டம் கட்டாயமாக்கிய அந்தக் காப்பீட்டுக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. மூன்றாம் நபர் காப்பும் வண்டிச் சேதக் காப்பும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் பின்னால் இருப்பவருக்கான பொறுப்பும் அடங்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. 2021-ல் வண்டிச் சேதக் காப்பைப் புதுப்பிக்காமல் விட்டதால் மிஞ்சிய தொகை ஒரு நல்ல ஹெல்மெட் விலைகூட இராது.

வேறொரு வண்டி மோதியிருந்தால் அந்த வண்டிக்கு அக்கா மூன்றாம் நபர், அதன் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்லியிருக்கும். இங்கே எதிரே வண்டியே இல்லை. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும். மிச்சம் ஒரே வழிதான்: தம்பியை எதிர்மனுதாரராகப் போட்டு, அவரிடமிருந்தே இழப்பீடு கேட்பது. வக்கீல் சார் அதைச் சொன்னபோது மாமா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மச்சானை கோர்ட்டுல நிறுத்தி நாங்க சாப்பிடணுமாங்க" என்றார். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தப்படி மனுப்போட 6 மாதம்தான் கெடு. அந்த 6 மாதமும் போயிற்று, அவர்கள் வரவில்லை.

ஹெல்மெட் போடாததால் இழப்பீடு குறையுமா என்று வேறு வழக்குகளில் அடிக்கடி கேட்கிறார்கள். 2020-ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல அளவுகோலைக் கொடுத்தது. அது ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கு. மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ அதன் பாதிப்புக்கோ காரணமானது என்று காட்டினால்தான் இழப்பீட்டைக் குறைக்கலாம் என்றது. கால் ஒடிந்தவரிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்டுப் பணத்தைக் குறைக்க முடியாது. தலையில் அடிபட்டவரின் நிலை அப்படியல்ல. ஹெல்மெட் இருந்திருந்தால் காயம் இவ்வளவு ஆகியிருக்காது என்ற வாதம் அங்கே எழும், ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

பழைய ஹெல்மெட்

ஆணியில் தொங்கியதை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். அதைப் போட்டிருந்தால் அக்கா தப்பித்திருப்பாரா? முழுதாக நம்பிச் சொல்ல முடியவில்லை. அக்கா சொன்னது சரி, அது அவர் தலைக்கு ஆடியது. குனிந்து உலுக்கினாலே நகரும் ஹெல்மெட் விழும்போது கழன்று போகும். வார்க் கிளிப் உடைந்திருந்தது. உள்ளே பஞ்சும் துணியும் இருந்தன, கெட்டி நுரை மிக மெல்லிசு. ஐஎஸ்ஐ முத்திரைபோல் ஒரு ஸ்டிக்கர் மட்டும். உண்மையான முத்திரையில் மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும், அந்த எண்ணைத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் தயாரித்தது என்று காட்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். கட்டட வேலைத் தொப்பியும் மண்டையின் பாதியை மட்டும் மூடும் குல்லாவும் இந்தக் கணக்கில் சேராது. அக்காவுக்குப் பட்டது பின்மண்டையின் கீழ்ப்பகுதி, அரைக் குல்லா அங்கே எட்டவே எட்டாது.

பைக் வாங்கும்போது ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று விதி 138 ஏற்கெனவே சொல்கிறது. இரண்டு கொடுக்க வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே அளவில், ஓட்டும் ஆணின் தலைக்கு வந்தால் அதுவும் ஆணிக்குத்தான் போகும். பெண்களையும் பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துப்போய், நெற்றியைச் சுற்றி நாடா வைத்துச் சுற்றளவு பார்த்து வாங்க வேண்டும்.

பூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விசேஷத்துக்குப் போகும் பெண் பூ வைக்காமல் போகமாட்டாள், வைத்த பூவைக் கசக்கவும் மாட்டாள். நம் ஊரில் பின்சீட்டு ஹெல்மெட் தோற்பது பாதி இந்த இடத்தில்தான், இதைப் பேசாமல் அபராதத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. கொண்டையைத் தாழ்த்திப் பின்னலாக்கினால் ஹெல்மெட் உட்காரும். பூவை வாழையிலையில் கட்டி எடுத்துப்போய் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது

அக்கா நடக்கிறார், கடை நடத்துகிறார். கணக்கு மட்டும் முன்போல் மனதில் நிற்பதில்லை, சிலேட்டில் எழுதிக்கொள்கிறார். வாசனை போய்விட்டது. மல்லாந்து விழும்போது மூளை முன்னும் பின்னும் அசைய, மூக்கின் மேல்கூரையில் சல்லடை போன்ற எலும்பு வழியாக வரும் மெல்லிய நரம்பு இழைகள் அறுந்துவிடும் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். ஒரு வருடத்துக்குள் திரும்பினால் உண்டு என்றாராம். திரும்பவில்லை. இட்லிக்கடைக்காரருக்கு இதன் பொருள் என்ன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மாவு புளித்ததா என்று மோந்து பார்க்க முடியாது. பால் அடிப்பிடிப்பது தெரியாது. ஒருநாள் கேஸ் கசிந்து அடுப்படி முழுக்க நிறைந்திருக்க, பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாராம். இப்போது காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மகள்தான் மாவுக் குண்டானைத் திறந்து மோந்து பார்த்து, சரி என்கிறாள்.

வேகத்தடையை மறுபடி சரிவாகப் போட்டு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். பாலிசியைப் பேக்கேஜாக மாற்றி, பின்சீட்டுக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அதற்கான தாளை நான்தான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன்.

போன மாதம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருவரையும் பார்த்தேன். வண்டி நின்றிருந்தது, தம்பி ஏறி உட்கார்ந்து சாவி போடாமல் காத்துக்கொண்டிருந்தார். அக்கா இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, தாடை வாரை மாட்டி, கிளிப் விழுந்த சத்தம் கேட்டதும் அவர் தோளைத் தட்டினார். முன்னால் கொக்கியில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று தொங்கியது. சுடிதார் போட்டிருந்தார். "புடவை பையில இருக்குண்ணா, அங்க போய் மாத்திக்குவேன்" என்றார் என்னிடம். ராயக்கோட்டையில் ஒரு வளைகாப்பாம்.